பொற்கொடி கொடுக்காத நாற்பத்து மூன்று பெயர்கள்

என் தங்கை பொற்கொடி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

1988-ல் கிணற்றில் தூர் வாரும் வேலைக்கு ஆண்கள் வாங்கிய கூலியையே அவளும் வாங்கினாள். மேலே நின்று சேறு சுமந்த பெண்களுக்கு அதில் பாதிதான். கீழே இறங்குகிற தனக்கும் பாதி என்றபோது இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் மேஸ்திரியே வந்து கூப்பிட்டார். 1993-ல், எங்கள் ஆட்கள் கயிற்றைக்கூடத் தொடக்கூடாது என்று வைத்திருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றில், அதே கயிற்றைப் பிடித்து எண்பத்திரண்டு அடி இறங்கி, விழுந்து கிடந்த சினைப் பசுவை உயிரோடு மேலே அனுப்பினாள். ஏறி வந்ததும் அந்தத் தோட்டத்துத் தொட்டியிலேயே முகம் கழுவித் தண்ணீர் குடித்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. 2001-ல் தோள்பட்டை எலும்பு முறிந்து, இனிமேல் கையைத் தூக்கவே முடியாது என்றார்கள். எட்டாவது மாதமே மறுபடி கிணற்றில் இறங்கினாள். 2006-ல் கண்ணாடி விரியன் கடித்துப் பதினோரு நாள் அரசு மருத்துவமனையில் கிடந்து பிழைத்தாள். வீட்டு மனைக்குப் பட்டா 2011-ல் வந்தது. அதற்குப் பதினான்கு வருடம் அலைந்தாள். 2019 சுதந்திர தினத்தன்று மாவட்டத்தில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்காரர் சாமுவேல் அதை லேமினேஷன் செய்து மாட்டியிருக்கிறார். ஆணி சரியில்லாததால் கொஞ்சம் சாய்ந்தே தொங்குகிறது.

2024 நவம்பர் வரை கிணறுகளிலிருந்தும் பழைய கல்குழிகளிலிருந்தும் அவள் உயிரோடு தூக்கியவர்கள் நாற்பத்து மூன்று பேர். உயிரில்லாமல் தூக்கியவர்களை எண்ணிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

டெல்லியில் ஜனாதிபதி கையால் வாங்கும் விருது இந்த வரிசையில் இல்லை. ஏன் இல்லை என்று எங்கள் மதுக்கரைப் பக்கம் பலரும் என்னைக் கேட்கிறார்கள். சிபாரிசு பத்தவில்லை என்று ஒருவர் சொன்னார். நம் ஆட்களுக்கு அதெல்லாம் கொடுப்பார்களா என்று இன்னொருவர். டீக்கடையில் வேறு மாதிரியும் பேசிக்கொண்டார்களாம். மூன்றுமே சரியில்லை. வேண்டாம் என்றவள் பொற்கொடி. அவள் அப்படிச் சொல்லவேண்டி வந்தது என்னால். எங்கள் காலனி மகளிர் குழுவின் ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி எழுதச் சொன்னதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவளிடம் முழுதும் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

எங்கள் அப்பா காளிச்சாமி தோட்டங்களில் கிணறு தூர் வாருகிறவர். நான் மூத்தவள், சின்னத்தாயி, 1966-ல் பிறந்தேன். பொற்கொடி 1970. தம்பி பிறந்தபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அவளை அந்த வருடம்தான் பள்ளியில் சேர்க்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும், படிக்கிறவளை ஏன் நிறுத்துவது என்று அம்மா அவளைச் சேர்க்கவில்லை. நான் எட்டாவது வரை படித்தேன். பிறகு அங்கன்வாடியில் உதவியாளராக இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். அவள் பதினைந்து வயதில், அப்பாவுக்கு முழங்கால் வீங்கிக்கொண்டபோது, அவருக்குப் பதிலாகக் கிணற்றில் இறங்கினாள். உடம்பு லேசு, பயமும் கிடையாது.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எவ்வளவு அவசரமானாலும் முதலில் அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவாள். விளக்கு அணைந்தால் உள்ளே காற்று கெட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது வேப்பங்கொப்பை வெட்டிக் கட்டி, பத்துத் தடவையாவது மேலும் கீழும் இழுத்து அடித்துக் காற்றைக் கலக்கிவிட்டுத்தான் இறங்குவாள். சுற்றி நிற்கிறவர்கள் கத்துவார்கள், திட்டுவார்கள். காதில் வாங்கமாட்டாள். கயிற்றைச் சாமுவேல் மட்டும்தான் பிடிக்க வேண்டும்.

“ஊட்டுல என்ற பேச்சைக் கேக்கறதில்ல. கெணத்துக்குள்ள போனா மட்டும் நான் சொன்னபடி கேக்கறா” என்பார் சாமுவேல்.

“கயிறு உங்க கையில இருக்குதில்லீங். வேற வழி?” என்பாள் இவள்.

இன்னொரு முறையும் உண்டு. தூக்கிய ஆளிடம் கீழே வைத்து எதுவும் கேட்கமாட்டாள். பேர் கேட்கமாட்டாள், ஏன் என்று கேட்கமாட்டாள். மேலே வருவதற்குள் அந்த ஆளே ஏதாவது சொன்னால், “இது இந்தக் கெணத்தோட போச்சு கண்ணு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்” என்பாள். வீட்டார் என்ன சொல்லச் சொல்கிறார்களோ அதையே ஊரிலும் சொல்வாள். தண்ணீர் எடுக்கப் போனபோது தவறி விழுந்தது என்பார்கள். இவளும் ஆமாம் என்பாள்.

1993 முதல் நான் ஒரு நோட்டு எழுதி வந்தேன். எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை அடி, படி உண்டா, எந்தப் பக்கம் பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது, விளக்கு அணைந்ததா இல்லையா. மறுபடி அதே கிணற்றுக்குக் கூப்பிட்டால் எவ்வளவு கயிறு எடுத்துப் போக வேண்டும் என்று தெரியவேண்டும் அல்லவா? அவள் வந்து சொல்லச் சொல்ல எழுதுவேன். “எழுதிட்டயாக்கா?” என்று கேட்பாள். “எழுதிப்போட்டேன்” என்பேன்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று. நோட்டில் கோடு போட்டுப் பிரித்த கடைசிக் கட்டத்தில் நான் முதலிலிருந்தே பெயரும் எழுதி வந்தேன். அவள் சொல்லமாட்டாள். ஆனால் ஊர் சின்னது, கேட்டால் தெரிந்துவிடும். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறகு எங்கே கட்டிக்கொடுத்தார்கள், கைபேசி எண் இருந்தால் அதுவும். அங்கன்வாடியில் குழந்தை பெயரில்லாமல் எடை மட்டும் எழுத முடியாது. அந்தப் பழக்கம். மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் சொல்லவுமில்லை.

விருதுப் பேச்சை எடுத்தவர் ஷேக் பரீத். டவுன்ஹால் பக்கம் கயிற்றுக்கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக அவரிடம்தான் கயிறு வாங்குகிறோம். 2024 ஜூலையில் புதுக் கயிறு வாங்கப் போனபோது அவர் மகள் ரூபினா கடையில் இருந்தாள். பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் கணினியில் பரிந்துரைக்கலாம் என்று அவள்தான் திறந்து காட்டினாள்.

“எல்லாத்துக்கும் மேல பாரத ரத்னா, அத்தை. அதுக்குக் கீழ பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்ம ஸ்ரீ.”

“மேல இருக்கறதையே போடு கண்ணு” என்றார் சாமுவேல். “கேக்கறதுதான் கேக்கறோம்.”

“அதுக்கு நாம போட முடியாதுங்க மாமா. பிரதமர் சொல்லோணும்.”

“அவருகிட்ட நம்ம நம்பர் இல்லியே.”

பொற்கொடி கயிற்றை முறுக்கிப் பார்த்தபடி, “அதை வாங்குனவங்கெல்லாம் என்னங்க பண்ணுனாங்க?” என்று கேட்டாள்.

“நாட்டையே தூக்கி நிறுத்துனவங்கம்மா” என்றார் ஷேக் பரீத்.

“நான் ஒருக்கா எறங்குனா ஒராளத்தானுங்க தூக்கறேன். என்னைய கடைசியில போடச் சொல்லுங்க.”

எல்லாரும் சிரித்தோம். ஆனால் எனக்கு அது சிரிப்பாக இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ராஷ்டிரபதி பவனில் செருப்பில்லாமல்கூட நடந்து போய் வாங்கியவர்களை டிவியில் பார்த்திருக்கிறேன். செடி வளர்த்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள் என்று. அந்தச் சிவப்புக் கம்பளத்தில் என் தங்கை நடக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அடுத்த வாரமே ரூபினாவை வைத்து விண்ணப்பித்தோம். பொற்கொடி, “உங்க திருப்திக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டு, வேலைக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 14, வியாழக்கிழமை, விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அவர் பெயரும் அலுவலகமும் இங்கே வேண்டாம், அவர் தன் வேலையைத்தான் செய்தார். பொற்கொடியும் சாமுவேலும் கிணத்துக்கடவில் வேலையாக இருந்தார்கள். நான்தான் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன்.

“நாப்பத்தி மூணு பேருன்னு போட்டிருக்கீங்க. ஆதாரம் வேணுமேம்மா. பொழைச்சவங்கள்ல மூணு பேராவது நேர்ல சொல்லணும்” என்றார்.

நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

“இவ்வளவு சுத்தமா எங்க ஆபீஸ்லயே ரெக்கார்டு இல்லீங்கம்மா” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே கடைக்கு நடந்துபோய் நோட்டின் எட்டுப் பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தேன். சாயங்காலம் பொற்கொடி வந்ததும், “விசாரிச்சுட்டுப் போனாங்க, நல்லபடியாச் சொல்லிட்டேன்” என்று மட்டும் சொன்னேன். நோட்டைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும். ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் ஊர், வயது, எந்த வருடம் என்பதையெல்லாம் எழுதமாட்டேன். பல வருடம் முன்னால், கல்யாணத்துக்கு முன், பொற்கொடி தூக்கிய பெண். வருடா வருடம் பொங்கலுக்குப் போன் செய்து, “நல்லா இருக்கறேங்க்கா” என்று இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். பொற்கொடி அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

“அக்கா, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னீங்களே.”

“சொல்லலியே கண்ணு. ஏன், என்னாச்சு?”

“நேத்து போன் வந்துச்சுங்க்கா. எங்க அத்தை எடுத்தாங்க. ‘கெணத்துல இருந்து காப்பாத்துனாங்களே, அது விஷயமா விசாரிக்கணும்’னு கேட்டிருக்காங்க. ஆள் மாறிக் கூப்புடறாங்கன்னு சொல்லி எப்படியோ சமாளிச்சுப்போட்டேன். திங்கக்கெழம நேர்லயே வாராங்களாம். அவருக்குத் தெரியாதுங்க்கா. புள்ளைங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்த ஊட்டுல இருக்கவே முடியாது.”

பொற்கொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன செய்திருந்தேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பெண் முன்னாலேயே. பொற்கொடி என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, “திங்கக்கெழம யாரும் வரமாட்டாங்க. நீ போய் நிம்மதியா இரு” என்றாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வந்து, கீழே உட்கார்ந்து, நோட்டை எடுத்து வரச் சொன்னாள்.

“படி.”

“எதைப் புள்ள?”

“பேரு மட்டும். எல்லாத்தையும்.”

படித்தேன். முப்பத்தொரு வருடத்துப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். பத்து ஆனதும் மறுபடி முதலிலிருந்து. சில பெயர் அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஓர் இடத்தில் மட்டும், “அந்தப் பையன் பேரு அதுவா?” என்று கேட்டாள். முடித்ததும் சாமுவேலிடம் பிளேடு வாங்கி என்னிடம் கொடுத்தாள். பெயர் எழுதிய கட்டத்தை எட்டுப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக அறுத்து எடுத்தேன். அடுப்பில் போட்டாள். அடிக்கணக்கு எழுதிய பாகம் அப்படியே இருக்கிறது. அது வேலைக்கு வேண்டியது.

“ஆபீஸ்ல இருக்கறதுக்கு என்ன பண்றது?” என்றாள்.

“மனுக் குடுத்துத் திருப்பி வாங்கோணும். விருது வேண்டாம்னு எழுதுனாத்தான் விசாரணையை நிறுத்துவாங்க.” சொல்லிவிட்டு, மனசு கேட்காமல், “ஒருக்கா யோசி பொற்கொடி” என்றேன்.

“யோசிக்க என்னக்கா இருக்குது? எழுது.”

எழுதினேன். எழுதியதை வாங்கி, என்னிடம் படிக்கச் சொல்லாமல், சாமுவேலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் ஐந்தாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பொறுமையாகக் கேட்டாள். நான் எழுதியதை அவள் இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வருத்தம்தான், ஆனால் அவள் செய்தது நியாயம்.

கைநாட்டு வைக்க நான் மைப்பெட்டி எடுத்தேன். வேண்டாம் என்றாள்.

“விண்ணப்பத்துல எல்லாம் நீங்களே போட்டுக் குடுத்தீங்க. இப்பவும் பெருவெரல உருட்டிக் குடுத்தா, ‘அக்காக்காரி அன்னைக்கு ஒண்ணு எழுதுனா, இன்னைக்கு ஒண்ணு எழுதறா’ன்னுதான் நெனப்பாங்க. என்ற கையில நானே எழுதறேன்.”

சாமுவேல் சுவரில் சாக்பீஸால் அவள் பெயரை எழுதினார். மூன்று நாள் அதைப் பார்த்துப் பழகினாள். சிமென்ட் தரையில் எழுதி அழித்து, எழுதி அழித்து. கயிறு பிடித்துத் தடித்துப்போன விரல்களுக்குள் சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. ‘கொ’ வரும்போது கொம்பைப் போட்டுவிட்டுக் காலை மறந்துவிடுவாள். சாமுவேல், “கால உட்டுட்டயே அம்மணி, நொண்டியா நிக்குது பாரு” என்பார். “உங்க வாத்தியார் வேலைக்குக் கயித்தப் புடிக்கறதே தேவல” என்பாள். அந்த மூன்று நாளும் அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மனுவை இரண்டு தடவை படித்தார்.

“ஜனாதிபதி கையால வாங்கற விருதும்மா. உங்க பேரு பரிசீலனைக்குப் போறதே பெரிய விஷயம். எதுக்கு வேண்டாங்கறீங்க?”

“பேரு சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கறனுங்க.”

“சரி. இந்தப் பட்டியலை விட்டுருவோம். கொழந்தைங்க, வயசானவங்க, தவறி விழுந்தவங்க இருப்பாங்கல்ல? அவங்கள்ல மூணு பேரை மட்டும் குடுங்க. போதும்.”

இதை நான்கூட யோசித்திருந்தேன். நல்ல வழியாகத்தான் தெரிந்தது. பொற்கொடி ஒத்துக்கொள்ளவில்லை.

“அதுலதானுங்க சங்கடம். நான் யாரத் தூக்குனேன்னு அந்தந்த ஊர்ல தெரியுமுங்க. ஏன்னுதான் தெரியாது. எல்லாத்தையும் தவறி விழுந்ததுன்னு சொல்லி வெச்சிருக்குதுங்க. இப்ப நீங்க மூணு பேரத் தனியாக் கூப்புட்டு, இவங்க தவறி விழுந்தவங்கன்னு பேப்பர்ல போட்டா, மத்த நாப்பது பேரும் என்னன்னு கேப்பாங்களா இல்லீங்களா?”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து, நான் கொடுத்த ஜெராக்ஸை உருவினார்.

“இதுல எத்தனை தாளுங்க?” என்றாள் பொற்கொடி.

“எட்டு.”

ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் எங்கள் முன்னாலேயே ஒருவரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை யாரும் எங்கும் போகவேண்டாம் என்று சொன்னார். வேறு எண்ணுக்குப் போன் போகவில்லை என்பதையும் கேட்டுச் சொன்னார்.

“ஆனா மனு இல்லாம நான் கோப்பை முடிக்க முடியாது. கைநாட்டு வெக்கறீங்களா?” என்று மைப்பெட்டியைத் தள்ளினார்.

“கையெழுத்துப் போடறனுங்க.”

அவர் தன் பேனாவையே கொடுத்தார். மூன்று நாளும் தரையில் எழுதிப் பழகியவளுக்கு மேஜை உயரம் ஒத்துவரவில்லை. நின்றபடி குனிந்து, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள். ‘கொ’-வுக்குக் காலைப் போட்டாள். ‘டி’ கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு கையெழுத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பின்னால் வரிசையில் நின்றவர் எட்டிப் பார்த்தார். அவள் எழுதியதை ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “தேதிய நீ போடாதக்கா. வேற தாள்ல எழுதிக் காட்டு, நான் பாத்து எழுதறேன்” என்றாள். காட்டினேன். அதையும் அவளே எழுதினாள்: 22.11.2024.